ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் இடையில் ஒரு நாவல்: மகளோடு எப்படி வாசிப்பது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டாள். ஆண்டிறுதி விடுமுறை கழிந்ததும் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்கிறாள். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நீக்கப்பட்டபின், முடிவு வரும் நாளை எண்ணி வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. அந்த இடத்தை இப்போது உறவினர்களின் அறிவுரை பிடித்துக்கொண்டது. மலாய்மொழி டியூஷனில் சேர்த்துவிடு, அறிவியல் பயிற்றி இரண்டு வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த விடுமுறையில் மழை பெய்கிற மாலைகளில் அவளோடு உட்கார்ந்து ஒரே ஒரு நாவலை முழுதாக வாசித்து முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் எடுத்திருப்பது ஆர். கே. நாராயண் எழுதி 1935இல் வெளிவந்த ‘ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’. காரணம் எளியது. மால்குடி என்ற கற்பனை ஊரில் வாழும் சுவாமிநாதன் ஆல்பர்ட் மிஷன் பள்ளியிலிருந்து போர்டு உயர்நிலைப்பள்ளிக்கு மாறுகிறான். பழைய நண்பர்கள் ஒருபுறமும் புதிய பள்ளி ஒருபுறமுமாக இழுபடுகிறான். என் மகளுக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். ஆறு ஆண்டு ஒரே வகுப்பில் இருந்த பதினெட்டுப் பிள்ளைகள் நான்கு பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள்.

இரண்டு சிக்கல்கள். நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அவளுடைய ஆங்கிலமோ மெதுவாக நடக்கும் ஆங்கிலம். அடுத்தது, முதல் அத்தியாயத்தை முடித்த கையோடு அவள் நான் கேட்காமலே நோட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். கதைமாந்தர், இடம், காலம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், ‘படிப்பினை: திங்கட்கிழமையானாலும் நாம் சோம்பலின்றிப் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.’ அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கவலையும் வந்தது. பிள்ளையோடு நாவல் வாசித்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

மருதாணி:

செந்தூல் அண்ணா, முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. ஒரு பிள்ளை வளர்ந்து உலகம் அறிவதைச் சொல்லும் இந்த வகை நாவலை ஆங்கிலத்தில் ‘கமிங் ஆஃப் ஏஜ்’ என்பார்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அதை ‘வயதுக்கு வரும் நாவல்’ என்று சொல்லப்போய், என் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘புட்டு எப்போது சுற்றுகிறார்கள்?’ என்று கேட்டார். ஆகவே ‘வளர்பருவ நாவல்’ என்றே எழுதுகிறேன்.

மொழிச் சிக்கலுக்கு எங்கள் வீட்டில் கண்ட வழி இது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், போன ஆண்டு என் மகனோடு இதே நூலை வாசித்தேன். ஒரு பக்கத்தை நான் ஆங்கிலத்தில் உரக்க வாசிப்பேன், அவன் கண்ணால் பின்தொடர்வான். பக்கம் முடிந்ததும் அதில் வரும் பேச்சுகளை மட்டும் அவன் தமிழில் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது, பேச மட்டும்தான். நாராயண் சென்னையில் பிறந்தவர், எழுதியது ஆங்கிலம். ஆனால் சுவாமிநாதனும் அவன் பாட்டியும் வீட்டில் பேசியது ஆங்கிலமாக இருந்திருக்க முடியாது. அவர்கள் என்ன சொற்களில் பேசியிருப்பார்கள் என்று தேடுவதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டாகிவிடுகிறது.

சுவாமிநாதனின் நண்பனான மணி என்ற முரடனுக்கு என் மகன் கொடுத்த தமிழ் அவனுடைய பள்ளிக் கழிப்பறைச் சுவரிலிருந்து வந்தது என்று சந்தேகிக்கிறேன், ஆனால் தடுக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் செய்தி வாசிப்பவரின் தமிழைக் கொடுத்தான். ஏன் என்று கேட்டபோது, ‘அவர் அறைக்குள்தான் இருக்கிறார், வெளியே வருவதில்லை’ என்றான். ஒரு கதைமாந்தரின் இயல்பைப் பற்றி அவன் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம் அதுதான்.

ஓய்வாசிரியை:

முப்பத்தொரு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒரு பாவமன்னிப்போடு தொடங்குகிறேன். உங்கள் மகள் ‘படிப்பினை’ என்று எழுதியது அவளுடைய குற்றமன்று. அது எங்கள் கைவேலை. எந்தக் கதையைக் கொடுத்தாலும் கடைசி வரியைப் பிழிந்து ஒரு நீதியை எடுத்துவிடும்படி நாங்கள் பழக்கிவிட்டோம். நரியும் திராட்சையும் போன்ற கதைக்கு அது பொருந்தும். வளர்பருவ நாவலைப் பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும், ஏனென்றால் அந்த நாவலில் வருகிற பிள்ளை பெரும்பாலும் திருந்துவதில்லை. முன்பு தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான், சில வேளைகளில் அது அவனை முன்னைவிட மோசமாக நடந்துகொள்ளவும் வைக்கிறது.

சுவாமிநாதனையே பாருங்கள். தலைமையாசிரியர் அறைச் சன்னல் கண்ணாடியை உடைக்கிறான். பள்ளியை விட்டு ஓடுகிறான். சேர்ந்த புதிய பள்ளியில் தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கிருந்தும் ஓடுகிறான். காட்டில் வழிதவறி, மறுநாள் காப்பாற்றப்பட்டு வீடு திரும்புகிறான். அதற்குள் அவன் ஆட வேண்டிய கிரிக்கெட் ஆட்டம் அவனின்றித் தோல்வியில் முடிந்துவிடுகிறது. இந்தப் பிள்ளையிடமிருந்து என்ன நீதியை எடுப்பீர்கள்? ஓடாதே என்றா?

நீதிக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை அவளிடம் கொடுங்கள்: ‘இந்த இடத்தில் சுவாமிநாதனுக்குத் தெரியாதது என்ன, உனக்குத் தெரிந்தது என்ன?’ கதையைச் சொல்கிறவர் அவனுக்கு அரை அடி பின்னால் நின்றுகொண்டு, அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சொல்கிறார். அந்த அரை அடி இடைவெளியில்தான் நகைச்சுவை முழுவதும் இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது அவன் தனக்கு வேண்டிய தாள், பேனா முள், மை, குண்டூசி என்று பெரிய பட்டியல் போட்டுக்கொண்டு அப்பாவிடம் போவதை நினைத்துப் பாருங்கள். அவன் தேர்வுக்கு ஆயத்தமாவதாக உண்மையிலேயே நம்புகிறான். அவன் படிப்பைத் தள்ளிப்போடுகிறான் என்று வாசிக்கிறவருக்குத் தெரிகிறது. என் மாணவர்கள் எத்தனை பேர் வண்ணப் பேனாவால் நேர அட்டவணை வரைந்தே தேர்வு மாதத்தைக் கழித்தார்கள் என்று எண்ணினால் எனக்கு விரல் போதாது.

அப்பா கொடுக்கும் மாம்பழக் கணக்கும் அப்படித்தான். ராமனிடம் பத்து மாம்பழம் இருக்கிறது, அவற்றை விற்றுப் பதினைந்து அணா ஈட்ட நினைக்கிறான், கிருஷ்ணனுக்கு நான்கு மாம்பழம் மட்டும் போதும் என்றால் அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிநாதனுக்கோ அந்தப் பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் மேலே நகர முடியவில்லை. அவனை முட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சந்தையில் விலையைத் தீர்மானிப்பது அதுதானே?

ஒரு பக்கக் குறிப்பு. நம் இலக்கியத்தில் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கி ஆண்பாலில் சிறுதேரோடும் பெண்பாலில் ஊசலோடும் பத்துப் பருவங்களில் முடிந்துவிடுகிறது, எல்லாம் குழந்தைப் பருவம்தான். உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களைச் சொல்கிறது, அதில் பெதும்பையும் மங்கையும் உங்கள் மகளின் வயதுதான். ஆனால் அங்கே அவர்கள் தெருவில் பவனி வரும் தலைவனைப் பார்ப்பதற்காகவே நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று கேட்க நாவல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மறந்துவிட வேண்டாம்: படிவம் ஒன்றில் சேரும்போது தமிழ்மொழி வகுப்புக்கான விருப்பத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு நடத்துவார்கள். பதினான்காவதாக நின்றுபோன பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

பழத்துக்கு ஒன்றரை அணா, நான்கு பழத்துக்கு ஆறு அணா. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அணாவை ‘சென்’ என்று நினைத்துக்கொண்டு பதினைந்து காசுக்குப் பத்து மாம்பழமா என்று சவ் கிட் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவாள்.

கிள்ளான்கரை:

இந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஓர் அடிப்படையான மனத்தாங்கல் இருக்கிறது.

சுவாமிநாதனுக்குத் தனி அறையும் சட்டப் புத்தகங்களும் உள்ள அப்பா இருக்கிறார், வீட்டில் சமையற்காரர் இருக்கிறார், கதை சொல்லப் பாட்டி இருக்கிறார். அவன் கண்ணாடி உடைத்துவிட்டு ஓடினாலும் சேர்த்துக்கொள்ள இன்னொரு பள்ளி இருக்கிறது. நாவல் நடக்கும் அதே 1930இல் என் தாத்தா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஏறக்குறைய அதே வயதுப் பையன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது உண்மைதான். பள்ளி என்றால் அத்தாப்புக் கூரையின்கீழ் ஒரே அறை. தோட்டத்துக் கணக்கரான கிராணியோ, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து சொல்லிக் கொடுத்த பள்ளிகளும் உண்டு. தாத்தா அதிகாலையில் அம்மாவோடு மரத்துக்குப் போய் மங்கு துடைத்துவிட்டு, பால் எடுத்து முடிந்தபிறகுதான் பலகையைத் தொடுவார். ரப்பர் விலை சரிந்த அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய கூட்டாளிகள் பலர் அப்படிப் போனவர்கள்தாம். நாவலின் கடைசியில் வருவதுபோல யாரும் அவர்களுக்கு ரயிலடிக்கு வந்து புத்தகம் கொடுக்கவில்லை.

எனவே கேட்கிறேன்: நம் பிள்ளைகளுக்கு வளர்பருவக் கதை என்று ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால் அது ஏன் மால்குடி வக்கீல் வீட்டுப் பிள்ளையின் கதையாக இருக்க வேண்டும்? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் பையன்கள் இருக்கிறார்கள். நம் நாட்டிலேயே அ. ரெங்கசாமி ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி ‘நினைவுச் சின்னம்’ எழுதியிருக்கிறார். இவை நமக்கு அருகில் இல்லையா?

ஓய்வாசிரியை:

அருகில்தான் இருக்கின்றன, ஐயா. ஆனால் ‘கூளமாதாரி’யைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் நான் கொடுக்க மாட்டேன், பதினாறில் கொடுப்பேன். பண்ணையத்துக்கு அடிமைப்பட்ட பிள்ளையின் துயரம் தாங்கக்கூடியதா என்பதைவிட, அதில் உள்ள உழைப்பும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று புரிந்துகொள்ளும் வயது வேண்டும் என்பதே என் தயக்கம். மரண ரயில் கதைக்கும் அதுவே. உங்கள் மற்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி, அதைச் செந்தூல்வாசி தம் மகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

செந்தூல்வாசி:

கேட்டேன். கிள்ளான்கரை ஐயாவின் பதிவை முழுதாக அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முதலில் கேட்டது, ‘மங்கு என்றால் என்ன?’ என்பதுதான். மரத்தில் பால் வடியும் கோப்பை என்றேன். எங்கள் வீட்டிலும் தோட்டம் இரண்டு தலைமுறை தள்ளித்தான் இருக்கிறது. என் தாத்தா தோட்டத்திலிருந்து வந்து செந்தூல் ரயில்வே பட்டறையில் சேர்ந்தவர், போரின் கடைசி ஆண்டில் குண்டு போட்டுப் பட்டறை சிதைந்தது வரைக்கும் அங்கே இருந்தவர். ஆனால் அவர் பிள்ளையாக இருந்தபோது என்ன நினைத்தார், யாரோடு சண்டை போட்டார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. என் மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘சுவாமிநாதனைப் பற்றி இவ்வளவு தெரிகிறது, கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே’ என்றாள். ஐயா, உங்கள் மனத்தாங்கல் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காக நூலை மூடிவைக்கவும் அவளுக்கு மனமில்லை.

மற்றபடி வாசிப்பு நன்றாகவே நடக்கிறது. மருதாணி சகோதரி சொன்ன முறையைத்தான் பின்பற்றுகிறோம். போன சனிக்கிழமை மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போயிருந்தோம். கோலாலம்பூர் நூலகம் அதன் ஓரத்திலேயே இருப்பதால் அங்கே ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு வெளியே வந்து, ‘இந்தத் திடல் ஒரு காலத்தில் கிளப்காரர்களின் கிரிக்கெட் திடல்’ என்று காட்டினேன். 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் கட்டடம் இன்னும் எதிரே நிற்கிறது. பூப்பந்து மட்டுமே ஆடத் தெரிந்த பிள்ளைக்கு, வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராகப் புல்வெளி பிடித்துப் பந்தாடியதும், மால்குடிப் பிள்ளைகள் அதே ஆட்டத்துக்குச் சங்கம் வைத்து எம்.சி.சி. (மால்குடி கிரிக்கெட் கிளப்) என்று பெயரிட்டுக்கொண்டதும் அந்தப் புல்தரையில் நின்றபோதுதான் பிடிபட்டது. அதே பிள்ளைகளில் ஒருவனான சுவாமிநாதன்தான் முந்திய அத்தியாயங்களில், சுதேசிப் போராட்டக் கூட்டத்தில் அந்நியத் துணியை எரித்த நெருப்பில் தன் தொப்பியைப் போட்டவன்! அவளுக்கு இது பொருந்தவில்லை. ‘வெள்ளைக்காரன் துணி வேண்டாம், பந்து மட்டும் வேண்டுமா?’ என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

அந்தப் போராட்டக் கூட்டம் நடப்பதாக நாவல் சொல்லும் நாள் 1930 ஆகஸ்ட் 15. நூல் வந்தது 1935இல், இந்தியா விடுதலை அடைந்தது 1947இல். ஆசிரியருக்கு எதிர்காலம் தெரிந்திருந்ததா என்று கேட்டாள். தற்செயல் என்று சொல்லிவைத்தேன், ஆனால் அவள் அதை அவ்வளவாக நம்பவில்லை.

பாத்து கேவ்ஸ் படிக்கட்டு:

ஒரு சிறு ஐயம். ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் எபனேசர் என்ற வேதபாட ஆசிரியர் இந்து தெய்வங்களை இழித்துப் பேசுகிற பகுதி வருகிறதே, அதை எப்படிக் கையாண்டீர்கள்? பல இனப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குள் முதன்முறையாக நுழையப் போகிற பிள்ளை அதை வாசித்துவிட்டு எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடக் கூடாதே என்பது என் கவலை.

மருதாணி:

நாங்கள் அதைத் தாவவில்லை. சுவாமிநாதன் எதிர்க்கேள்வி கேட்கிறான், ஆசிரியர் காதைத் திருகுகிறார், அப்பா தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். இதில் நான் மகனிடம் பேசியது ஆசிரியரின் மதத்தைப் பற்றியன்று, அப்பாவின் கடிதத்தைப் பற்றி. பள்ளியில் மனம் நொந்தால் வீட்டில் சொல்லலாம், வீட்டில் ஒரு பெரியவர் அதை எழுத்தில் கொண்டுபோவார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். என் பள்ளிக்காலத்தில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. படிவம் ஒன்றுக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓராண்டு முழுவதும், மலாய்மொழியில் பேசத் தடுமாறிய எங்களை ஒருவர் கேலிப்பெயரிட்டே அழைத்தார்; நான் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. அதே பள்ளியில்தான் என் பக்கத்து இருக்கைத் தோழி தன் உணவுப்பெட்டியை என் பக்கம் தள்ளித் தள்ளி எனக்கு மலாய் பேசக் கற்றுக்கொடுத்தாள். இரண்டையும் மகனிடம் சொன்னேன்.

ஓய்வாசிரியை:

செந்தூல்வாசி, பாட்டியும் எலுமிச்சம்பழமும் வரும் இடத்தைத் தாண்டிவிட்டீர்களா? வேகமாகப் போய்விட வேண்டாம் என்பதற்காகக் கேட்கிறேன்.

காட்டில் வழிதவறுவதுதான் நாவலின் உச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டி வயிற்றுவலி என்று சொல்லி ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்கிறார். அவனுக்குக் கிரிக்கெட்டுக்குப் போகிற அவசரம், பிறகு பார்க்கலாம் என்று ஓடிவிடுகிறான். விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சில் உறைக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்து வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். பாட்டிக்கு அதற்குள் சரியாகிவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. யாரும் கேட்காத ஒரு குற்றத்துக்கு அவன் தனக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்கிறான். அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு பிரம்படி, காடு, தோல்வி எல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பிரம்பு அவனுக்கு வெளியிலிருந்து வந்தது. இது வெளியிலிருந்து வரவில்லை.

செந்தூல்வாசி:

நேற்று முடித்துவிட்டோம், டீச்சர். எலுமிச்சம்பழ இடத்தில் என் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி தமிழில் சொல்லும் பேச்சுகளை மட்டும் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். ‘உப்புத் தண்ணீர் குடித்தால் போதும், இதற்கு ஏன் பழம்?’ என்று மட்டும் சொன்னார். என் மகள் அன்று குறிப்பு நோட்டைத் திறக்கவே இல்லை.

கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ராஜம் போலீஸ் அதிகாரியின் மகன், கிரிக்கெட் குழுவின் தலைவன், சுவாமிநாதன் ஆட்டத்துக்கு வராததால் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டவன். அவன் அப்பாவுக்கு மாற்றல் வருகிறது. விடியற்காலை ரயிலில் புறப்படுகிறார்கள். சுவாமிநாதன் தன்னிடம் இருந்த ஆண்டர்சன் தேவதைக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போகிறான். கூட்டத்தையும் ராஜத்தின் மிடுக்கான உடையையும் பார்த்து நெருங்கத் துணிவு வரவில்லை. ரயில் நகரும்போது மணிதான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுக்கிறான். ராஜம் ஏதோ சொல்கிறான், இரைச்சலில் கேட்கவில்லை. அவன் கடிதம் எழுதுவதாகச் சொன்னான் என்று மணி சொல்கிறான். என் முகவரி அவனுக்குத் தெரியாதே என்று சுவாமிநாதன் மணியின் முகத்தை உற்றுப் பார்க்கிறான். அந்த முகத்திலிருந்து ஒன்றையும் படித்தறிய முடியவில்லை. அவ்வளவுதான் நாவல்.

என் மகள் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தது நான் எதிர்பார்த்த இடத்தை அன்று. அந்த ஆண்டர்சன் புத்தகத்தைச் சுவாமிநாதனின் அப்பா அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் உச்சரிக்கவே முடியாத ஆங்கிலச் சொற்கள் அதிகம் என்பதால் அவனால் அதைப் படிக்க முடியவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். நான் அதைக் கவனிக்காமலே வாசித்துவிட்டேன். அவள் அங்கே நிறுத்தி, ‘அப்பா, தனக்குப் புரியாத புத்தகத்தைத்தான் அவன் கொடுக்கிறான். ராஜத்துக்குப் புரியும் என்று நினைத்துக் கொடுக்கிறானா, இல்லை தனக்கு வேண்டாம் என்பதால் கொடுக்கிறானா?’ என்று கேட்டாள். ஆங்கில நூலொன்றைப் பக்கத்துக்குப் பத்துச் சொல் கேட்டுக் கேட்டு வாசித்து வந்த பிள்ளைக்கு அந்த வரி கண்ணில் படாமல் இருக்குமா என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

கணக்குப்பிள்ளை:

வேண்டாததைக் கொடுப்பது பரிசு ஆகாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மருதாணி:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனிடம் இருந்தவற்றிலேயே ராஜத்தின் தகுதிக்கு ஏற்றது அதுதான் என்று அவன் நினைத்திருக்கலாம். ராஜம் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பே வாய் பிளந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தன் கைக்கு எட்டாத ஒன்று நண்பனுக்கு எட்டும் என்று நம்புவதும் நட்பில் சேர்த்திதானே?

கிள்ளான்கரை:

நான் மனம் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை பிடித்த இடம் சரியான இடம். என் தாத்தா தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வென்ற ஒரு மலாய் அகராதியை அறுபது ஆண்டு பெட்டியிலேயே வைத்திருந்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. நான் இடைநிலைப்பள்ளிக்குப் போன அன்று அதை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அதை ஒரு பழைய சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது போகட்டும். மணி பொய் சொன்னானா இல்லையா? உங்கள் வீட்டில் என்ன முடிவு?

செந்தூல்வாசி:

முடிவு இல்லை. மகள், மணி உண்மைதான் சொன்னான், சுவாமிநாதனுக்குத்தான் எப்போதும் சந்தேகம் என்கிறாள். நான் பொய் என்கிறேன். என் அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘பொய்தான் சொல்லியிருப்பான். நல்ல பையன்’ என்றார். அதிலிருந்து பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சு வளர்ந்து, இரவு உணவு ஒன்பதரை மணிக்குத்தான் ஆயிற்று.

பள்ளி தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கிள்ளான்கரை ஐயா, அந்த அகராதி இன்னும் உங்களிடம் இருந்தால் அதன் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே இடுங்கள். மகள் பார்க்க வேண்டும் என்கிறாள்.